மோதிரம் ஒளிந்த ரொட்டி

"தீபாவளிக்கு மலைக்குப் போகிறாயாமே? போகிற இடத்தில் ஒரு அயர்லாந்து ரொட்டி சுட்டுப் பார்த்து எழுது!" என்றார் எங்கள் ஆசிரியர்.

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகத்தான் சொன்னார். 2024-ஆம் ஆண்டில் தீபாவளி அக்டோபர் 31-ஆம் தேதி, வியாழக்கிழமை வந்தது. அதே அக்டோபர் 31-தான் அயர்லாந்துக்காரர்களின் 'ஹாலோவீன்' பண்டிகை. "இரண்டும் ஒரே நாளில் வருகிறது. அவர்கள் அன்றைக்கு என்ன பட்சணம் செய்கிறார்கள் என்று நம் வாசகிகளுக்குத் தெரிய வேண்டாமா?" என்று கேட்டார்.

தெரியத்தான் வேண்டும். ஆனால், சகோதரிகளே, அந்த ரொட்டியைச் சுடப் போய் நான் செய்த ஒரு அசட்டுத்தனத்தையும் சேர்த்துத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். ரொட்டி நன்றாகவே வந்தது. அசட்டுத்தனம் ரொட்டியில் இல்லை.

நான் போனது பண்ணைக்காட்டுக்கு. கல்லூரி விடுதியில் எனக்கு மூன்று வருஷம் மூத்தவளாக இருந்த அக்காவின் ஊர். அந்த வருஷம் என் பெற்றோர் தம்பி வீட்டுக்கு வெளிநாடு போயிருந்தார்கள். "தனியாகச் சென்னையில் உட்கார்ந்து என்ன பண்ணுவே? இங்கே வா" என்று அக்கா எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமையையும் அரசாங்கம் விடுமுறையாக அறிவித்துவிட்டது. பிறகு கேட்பானேன்!

வத்தலக்குண்டு தாண்டி, காட்ரோட்டில் பேருந்து மலை ஏறத் தொடங்கியபோதே தூறல் ஆரம்பித்துவிட்டது. டம்டம் பாறைக்கு எதிரே தலையாறு அருவி ஒரு நிமிஷம் தெரிந்தது. அடுத்த நிமிஷம் மேகம் வந்து திரை போட்டுவிட்டது. கொடைக்கானல் போகிறவர்கள் நேரே மேலே போக, பண்ணைக்காடு பிரிவில் நாங்கள் திரும்பினோம். அந்தச் சாலை பண்ணைக்காடு வழியாகத் தாண்டிக்குடிக்குப் போகிறது. கொடைக்கானல் அளவுக்கு உயரமும் இல்லை; அந்த அளவுக்குக் கூட்டமும் இல்லை. சவுக்கு மாதிரி நெடுநெடுவென்று நிற்கும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் மேல் மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி, இடையிடையே மலைவாழை. காப்பிப் பழம் அப்போதுதான் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவக்க ஆரம்பித்திருந்தது.

அக்கா வீட்டில் அவளுடைய அண்ணன், மதினி, அவர்கள் குழந்தைகள் இருவர், பிறகு அப்பத்தா. பெண்ணுக்குப் பதினோரு வயது, பையனுக்கு ஐந்து. அப்பத்தாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. ஆனால் அடுப்பங்கரைச் சாவி இன்னும் அவர் இடுப்பில்தான். அக்கா உள்ளூர்ப் பள்ளியில் ஆசிரியை. வயது முப்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை.

போய்ச் சேர்ந்த புதன்கிழமை ராத்திரியே வேலையைத் தொடங்கினேன். இந்த ரொட்டிக்கு முதல் நாளே பழங்களை ஊறப் போட வேண்டும். அதிலும் எதில்? கெட்டியான தேயிலை டிகாக்ஷனில்! உலர்ந்த திராட்சையும் பேரீச்சம்பழமும் ராத்திரி முழுவதும் அதில் ஊறி, தேயிலைத் தண்ணீரை எல்லாம் குடித்து உப்பிவிட வேண்டும்.

அப்பத்தா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். "ஏத்தா, காப்பித் தோட்டத்துக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு, பழத்தைப் போயி டீத்தண்ணியில போடுறியே!" என்றார்.

"அந்த ஊர் வழக்கம் அப்படி, அப்பத்தா."

"அந்த ஊருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார் அண்ணன்.

சம்பந்தம் இல்லாமல் இல்லை. கொடைக்கானல் ஏரி இருக்கிறதே, அதை 1863-இல் அணை கட்டி உண்டாக்கியவர் மதுரைக் கலெக்டராக இருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்ச். அவர் அயர்லாந்தில் வெஸ்ட்மீத் மாவட்டத்துப் பிரபு குடும்பத்தைச் சேர்ந்தவர். அதற்கு முன்னால் 1845-இல், மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். அதே 1845-இல்தான் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிப் பெரும் பஞ்சம் தொடங்கியது. லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள், லட்சக்கணக்கானவர்கள் கப்பல் ஏறி அமெரிக்கா போனார்கள். போனவர்கள் தங்களோடு இந்த ஹாலோவீன் பண்டிகையையும் கொண்டு போனார்கள். அதனால்தான் அது இன்றைக்கு உலகமெல்லாம் பூசணிக்காய் விளக்கும் பேய் வேஷமுமாகச் சுற்றுகிறது.

ஆதியில் அது அறுவடை முடிந்து பனிக்காலம் பிறக்கிற நாள். 'சவின்' என்று பெயர். அன்று ராத்திரி இறந்து போன முன்னோர்கள் வீட்டைப் பார்க்க வருவார்கள் என்பது நம்பிக்கை. பிறகு கிறிஸ்தவ மதம் வந்ததும் நவம்பர் 1 சகல புனிதர்கள் திருநாளாகவும், நவம்பர் 2 கல்லறைத் திருநாளாகவும் ஆயின.

"நம்ம அமாவாசை மாதிரின்னு சொல்லு" என்றார் அப்பத்தா. அவ்வளவுதான், என் பிரசங்கத்தை நாலு வார்த்தையில் முடித்துவிட்டார்.

அந்தப் பண்டிகைக்கு உரிய ரொட்டிதான் இது. ஐரிஷ் மொழியில் 'பாரீன் பிரக்'. 'புள்ளி போட்ட ரொட்டி' என்று அர்த்தம். வெட்டினால் திராட்சை புள்ளி புள்ளியாகத் தெரிவதால் அந்தப் பெயர். ஆங்கிலத்தில் 'பார்ம்பிராக்' ஆகிவிட்டது. ரொட்டிக் கடைகளில் ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்துச் செய்வார்கள். வீடுகளில் செய்வது இந்தத் தேயிலைப் பிராக். இதற்கு ஈஸ்ட் வேண்டாம், நெய் வெண்ணெயும் வேண்டாம். ஆகையால் கை பழகாதவர்களுக்கும் சுலபம்.

இவ்வளவோடு நான் வாயை மூடிக் கொண்டிருக்கலாம். மூடினேனா?

"இந்த ரொட்டிக்குள்ளே ஒரு விசேஷம் இருக்கு!" என்று ஆரம்பித்தேன். குழந்தைகள் இரண்டும் மடியில் வந்து விழுந்தன. "சுடும்போதே உள்ளே சில சாமான்களை ஒளித்து வைத்துவிடுவார்கள். யார் துண்டில் எது வருகிறதோ, அந்த வருஷம் அவர்களுக்கு அதுதான் பலன். காசு வந்தால் பணக்காரர். கந்தல் துணி வந்தால் ஏழை. சுள்ளி வந்தால் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. பட்டாணி வந்தால் அந்த வருஷம் கல்யாணம் இல்லை. மோதிரம் வந்தால்…"

"வந்தால்?"

"வருஷத்துக்குள் கல்யாணம்!"

பெண் குழந்தை சட்டென்று திரும்பி, "அப்போ நம்ம அத்தைக்கு மோதிரம் வருமா?" என்று கேட்டது.

யாரும் பேசவில்லை. மழை ஓட்டின் மேல் விழும் சத்தம் மட்டும் கேட்டது. "வரணும்னுதான் நானும் தினம் சாமியைக் கும்பிடுறேன்" என்றார் மதினி. அக்கா ஒன்றும் சொல்லாமல் டிகாக்ஷன் பாத்திரத்தை எடுத்துக் கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்ததா என்றால், அதுவும் இல்லை. படுக்கப் போகும் சமயம் மதினி என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, காதோடு காதாகச் சொன்னார்: "மோதிரத்தை ஒரு ஓரமா வச்சு, அதுக்கு நேர் மேலே ஒரு கிராம்பைக் குத்தி வைப்போம். எனக்கு அடையாளம் தெரியும். அந்தத் துண்டை அவளுக்கே குடுத்துருவேன். ஒரு நல்ல சகுனமா இருக்கட்டுமே!"

மதினி நல்லவர். நாத்தனாருக்குக் கெடுதல் நினைக்கிறவர் அல்ல. 'என்ன அழகான யோசனை!' என்று நானும் தலையை ஆட்டினேன்.

படுத்த பிறகுதான், கல்லூரியில் படித்த ஒரு கதை ஞாபகத்துக்கு வந்தது. ஜேம்ஸ் ஜாய்ஸ் 1914-இல் வெளியிட்ட 'டப்ளினர்ஸ்' தொகுப்பில் 'களிமண்' என்று ஒரு சிறு கதை. டப்ளின் நகரத்துச் சலவைச் சாலை ஒன்றில் வேலை பார்க்கும் மரியா என்ற கல்யாணமாகாத, வயதான பெண். ஹாலோவீன் அன்று இதே பார்ம்பிராக்கை அவள்தான் எல்லோருக்கும் பரிமாறுகிறாள். "இந்தத் தடவை உனக்குத்தான் மோதிரம்" என்று கூட இருக்கிறவர்கள் கேலி செய்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் செய்கிற கேலிதான். அவளும் சிரிக்க வேண்டியிருக்கிறது. பரீட்சைக்கு அந்தக் கதையைப் பற்றி நாலு பக்கம் எழுதி மார்க் வாங்கியவள் நான்! ஆனால் அக்காவின் முன்னால் உட்கார்ந்து அதே கேலிக்கு நானே வழி செய்து கொடுத்துவிட்டேன்.

மறுநாள் விடிவதற்கு முன்பே எண்ணெய் ஸ்நானம், புதுப் புடவை, பட்டாசு. பட்டாசில் பாதி மழையில் நனைந்து புஸ்ஸென்று போயிற்று. மத்தியானம் எல்லோரும் படுத்த பிறகு, அக்காவும் நானும் வாழைத் தோட்டத்துப் பக்கம் நடந்தோம். ரொட்டிக்கு முட்டை போட வேண்டும். அப்பத்தா முட்டை தொட மாட்டார். அதற்குப் பதிலாக நன்றாகப் பழுத்த மலைவாழைப்பழத்தை மசித்துப் போடலாம் என்று அக்கா சொல்லியிருந்தாள்.

இந்த விருப்பாட்சி மலைவாழை சாதாரணப் பழம் அல்ல. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உயிர் கொடுப்பது இதுதான். இதில் தண்ணீர்ப் பசை குறைவு. அதனால்தான் ஒரு சொட்டு நீர் சேர்க்காமல், அடுப்பில் ஏற்றாமல், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சம்பழம், கற்கண்டு, ஏலக்காயோடு சேர்த்துப் பிசைந்தால் பஞ்சாமிர்தம் நாள்பட நிற்கிறது. 2019-இல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது; விருப்பாட்சி மலைவாழைக்கோ அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. ஆனால் நடுவில் ஒரு காலம், முடிக்கொத்து நோய் வந்து இந்த மலையில் வாழை அடியோடு அழிந்து போகும் நிலை வந்ததாம். செடிப்பேன் பரப்புகிற வைரஸ் நோய் அது. இலை எல்லாம் உச்சியில் கொத்தாகச் சுருங்கி, குலையே தள்ளாது. நோய் வந்த மரத்துக்கு மருந்து கிடையாது. தோண்டி எடுத்து அழிக்க வேண்டியதுதான். பிறகு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் நோயில்லாத கன்றுகளைத் திசு வளர்ப்பு முறையில் உண்டாக்கிக் கொடுத்து, மறுபடி நட வைத்தார்கள்.

இதையெல்லாம் ஆசிரியைக்கே உரிய நிதானத்தோடு சொல்லிக் கொண்டு வந்த அக்கா, நடுவில் நின்று, "கிராம்பை எந்தப் பக்கம் குத்தப் போறீங்க?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பயப்படாதே. மதினி ரகசியம் பேசினா தோட்டம் முழுக்கக் கேட்கும்" என்று சிரித்தாள். பிறகு சொன்னாள்:

"கல்யாணம் ஆகலையேன்னு ஒரு காலத்துலே எனக்கு வருத்தமாத்தான் இருந்தது. அப்பா படுத்த படுக்கையா இருந்த வருஷங்கள். வந்த இடமெல்லாம் தட்டிப் போச்சு. அப்புறம் வந்த இடங்களுக்கு நான் சரின்னு சொல்லலே. இப்போ எனக்கு வருத்தம் இல்லே. பள்ளிக்கூடம் இருக்கு, இந்தப் பிள்ளைங்க இருக்கு, மழை பெய்தா படிக்கப் புஸ்தகம் இருக்கு. ஆனா ஒவ்வொரு தீபாவளிக்கும் யாராவது எனக்காக வருத்தப்படறாங்க. அவங்களுக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கு. அதுதான் அலுப்பா இருக்கு."

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. "மோதிரமே வைக்க வேண்டாம், அக்கா" என்றேன்.

"வேண்டாம்னு வச்சா, அது எனக்காகன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும். குழந்தைங்க ஆசைப்படுது. வை. கிராம்பு மட்டும் வேண்டாம்" என்றாள். நாலு பழம் பறித்துக் கொண்டு திரும்பினோம்.

சாயங்காலம் மாவு கலக்கும் நேரம் பார்த்து மின்சாரம் போயிற்று! மதினி ஆசையாக வாங்கி வைத்திருந்த மின்சார ஓவன் இருட்டில் வாயைப் பிளந்து கொண்டு நின்றது. மழை வலுத்துவிட்டது, காலையில்தான் மின்சாரம் வரும் என்றார் அண்ணன்.

"அதுக்கென்ன? என் இரும்புச் சட்டி செத்தா போச்சு?" என்றார் அப்பத்தா.

பரணிலிருந்து இறங்கியது ஒரு கனத்த இரும்புச் சட்டியும் மூடியும். அந்தக் காலத்தில் நம் வீடுகளில் கேக் செய்தது நினைவிருக்கிறதா? கீழே கொஞ்சம் தணல், மூடியின் மேலே நிறையத் தணல். அயர்லாந்துக் கிராமங்களிலும் இதே கதைதான்! 'பாஸ்டிபிள்' என்று காலோடு கூடிய இரும்புச் சட்டி, அதற்கு மூடி, மூடியின் மேல் தணல். அவர்கள் சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய கரி மண்ணை எரித்தார்கள். அப்பத்தா காப்பிக் கட்டையை எரித்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

மாவைக் கலந்து தகரத்தில் ஊற்றிய பிறகு, ஒளித்து வைக்கும் சாமான்களின் கதையை அப்பத்தா மறுபடி ஒரு தடவை கேட்டார். மதினி அடுப்பின் பக்கத்தில் கிராம்பு டப்பாவோடு நின்று கொண்டிருந்தார்.

"சுள்ளியும் கந்தலும் வேண்டாம். அதெல்லாம் வைக்காமலே வீட்டுக்கு வரும்" என்றார் அப்பத்தா. பிறகு தணலைக் கிளறிக் கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"எனக்கும் பூக் கட்டிப் பார்த்தாக. கோயில்ல சாமி முன்னாடி செவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் பொட்டணமாப் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொன்னாக. வெள்ளை வந்துச்சு. நல்ல எடம்னு சாமியே சொல்லிருச்சுன்னு கட்டிக் குடுத்தாக. மணவறையில பானைக்குள்ள மோதிரத்தைப் போட்டு எடுக்கச் சொன்னாக. அதையும் நாந்தான் எடுத்தேன். மூணு வருசம். கையில ஒரு பிள்ளை. அவுக காய்ச்சல்ல போயிட்டாக. பூ பொய் சொல்லுச்சுன்னு நான் சொல்லலை. பூவுக்கு என்னத்தா தெரியும்? அப்பறம் இந்தத் தோட்டத்துல களையெடுத்து, காப்பி பறிச்சு, இந்த வீட்டைக் கட்டுனது பூவு இல்லை."

கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, "அந்த ஊர்ல, மோதிரம் வராதவுகளுக்கு ரொட்டி உண்டா, இல்லையா?" என்று கேட்டார்.

"உண்டு, அப்பத்தா. எல்லாருக்கும் ஒரே அளவு துண்டுதான்."

"அப்பறம் என்ன?" என்றார்.

மதினி கிராம்பு டப்பாவை மூடி, அலமாரியில் வைத்துவிட்டார்.

அக்கா தன் விரலில் இருந்த மெல்லிய மோதிரத்தைக் கழற்றி, கழுவி, வெண்ணெய்த் தாளில் பெரிய பொட்டலமாகச் சுற்றினாள். கண்ணை மூடிக் கொண்டு மாவுக்குள் எங்கோ அழுத்தினாள். அதே மாதிரி ஒரு ஐந்து ரூபாய்க் காசையும் பொட்டலமாக்கி வைத்தோம். முக்கால் மணி நேரத்துக்கெல்லாம் வாசனை கிளம்பிவிட்டது. பட்டையும் ஜாதிக்காயும் தேயிலையும் வாழைப்பழமும் கலந்த அந்த மணத்தை எப்படிச் சொல்வேன்! எதிர் வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

ஆறவிட்டு, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் அப்பத்தாதான் வெட்டினார். மேலே புத்தம் புது வெண்ணெய் தடவி ஆளுக்கொரு துண்டு. எல்லோரும் மூச்சைப் பிடித்துக் கொண்டு விண்டு பார்த்தோம். காசு அண்ணனுக்கு வந்தது. "காப்பி விலை ஏறப் போகுது!" என்று குதித்தார். மோதிரம்?

ஐந்து வயதுப் பையன் கையில் பொட்டலத்தை வைத்துக் கொண்டு விழித்தான். அக்காள்காரி, "டேய், உனக்குத்தாண்டா கல்யாணம்!" என்று கத்தினாள். அவ்வளவுதான்! "எனக்குக் கல்யாணம் வேண்டாம்! நான் மாட்டேன்!" என்று அவன் போட்ட கூச்சலில் பட்டாசெல்லாம் தோற்றுப் போயிற்று. வீடே சிரித்தது. அதிகமாகச் சிரித்தது அக்காதான். அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக் கொண்டு, "வேண்டாம்னா வேண்டாம். யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டாங்க" என்று கண்ணைத் துடைத்துவிட்டாள். அதைக் கேட்ட மதினி ஒரு நிமிஷம் அக்காவின் முகத்தையே பார்த்தார். பிறகு ஓரத்துத் துண்டு ஒன்றை வெட்டி, வெண்ணெயை இன்னும் கொஞ்சம் தாராளமாகத் தடவி அவள் தட்டில் வைத்தார். "இதுலே ஒண்ணும் ஒளிச்சு வைக்கலே. நல்லா இருக்கேன்னுதான் வச்சேன்" என்றார்.

நீங்களும் செய்து பார்க்க வேண்டும் அல்லவா? இதோ:

தேவையானவை: உலர்ந்த திராட்சை (கறுப்பும் மஞ்சளும் கலந்து) 250 கிராம், கொட்டை நீக்கிப் பொடியாக நறுக்கிய பேரீச்சம்பழம் 100 கிராம், பால் சேர்க்காத கெட்டித் தேயிலை டிகாக்ஷன் 300 மில்லி, நாட்டுச் சர்க்கரை 125 கிராம், மைதா 225 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, பட்டை, ஜாதிக்காய், ஏலக்காய்ப் பொடிகள் எல்லாம் சேர்ந்து ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, முட்டை ஒன்று. முட்டை வேண்டாதவர்கள் நன்றாகப் பழுத்த மலைவாழைப்பழம் ஒன்றை மசித்துச் சேர்க்கலாம். மலைவாழை கிடைக்காவிட்டால் வேறு சிறு பழம் போடலாம்.

செய்முறை: சூடான டிகாக்ஷனில் சர்க்கரையைக் கரைத்து, பழங்களைப் போட்டு மூடி, ராத்திரி முழுவதும் ஊற வையுங்கள். வடிகட்ட வேண்டாம். மறுநாள் முட்டையை அடித்து, அல்லது வாழைப்பழத்தை மசித்து, அதில் கலக்குங்கள். மைதா, பேக்கிங் பவுடர், உப்பு, வாசனைப் பொடிகளைச் சலித்துச் சேர்த்து, மாவு மறைகிற வரை மட்டும் கிளறுங்கள். அதிகம் கிளறினால் ரொட்டி கெட்டிப்பட்டுவிடும். மாவு இட்லி மாவை விடச் சற்றுக் கெட்டியாக இருக்க வேண்டும். இறுகலாக இருந்தால் ஒரு கரண்டி பால் சேர்க்கலாம்.

நீளமான தகரத்தில் வெண்ணெய் தடவி, தாள் போட்டு, மாவை ஊற்றி, 170 டிகிரி சூட்டில் ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி நேரம் வையுங்கள். நடுவில் ஈர்க்குச்சியால் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். மேல்புறம் சீக்கிரம் கறுத்தால் ஒரு தாளால் மூடிவிடுங்கள். ஓவன் இல்லாதவர்கள் கனமான பாத்திரத்தில் மணலோ உப்போ பரப்பி, மூடி, பத்து நிமிஷம் காய வைத்து, அதற்குள் ஒரு வளையத்தின் மேல் தகரத்தை வைத்துச் சிறு தீயில் சுடலாம். குக்கரில் சுடுவதானால் தண்ணீர் ஊற்றாமல், ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் எடுத்துவிடுவது முக்கியம்.

மலை மேல் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பேக்கிங் பவுடர் கிளப்புகிற காற்றும் அங்கே அதிகமாக உப்பும். ரொட்டி வேகமாக எழும்பி, நடுவில் பள்ளம் விழுந்துவிடும். ஆகையால் 2 தேக்கரண்டிக்கு ஒன்றரை போதும். பண்ணைக்காட்டில் நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

ஆறிய பிறகுதான் வெட்ட வேண்டும். தாளில் சுற்றி ஒரு நாள் வைத்திருந்தால் ருசி இன்னும் கூடும். நாங்கள் வைத்த பாதி, வெள்ளிக்கிழமை காலைக் காப்பியோடு தீர்ந்து போயிற்று. அமாவாசை அல்லவா? முதல் துண்டை அப்பத்தா தனியே எடுத்து, சுவாமி அறையில் தாத்தா படத்துக்கு முன்னால் வைத்தார்.

மோதிரம் வைக்க ஆசைப்படுகிறவர்கள் தாளில் பெரிதாகச் சுற்றி வையுங்கள். வெட்டுவதற்கு முன் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். சின்னக் குழந்தைகளின் துண்டைப் பெரியவர்கள் விண்டு பார்த்த பிறகே கொடுங்கள்.

கிராம்பு மட்டும் குத்த வேண்டாம்.